ஆயிரம் நிட்ஸ் வெற்றிலை அளவுக்குத்தான்

வாசகர் கேள்வி – பதில்: ஓஎல்இடி கேமிங் மானிட்டரும் எச்டிஆர் மோட்களும்

27 அங்குல கியூடி-ஓஎல்இடி மானிட்டர் வாங்கி மூன்று வாரம் ஆகிறது. பெட்டியில் ‘1000 நிட்ஸ்’ என்று கொட்டை எழுத்தில் போட்டிருக்கிறது. மெனுவில் ‘ட்ரூ பிளாக் 400’, ‘பீக் 1000’ என்று இரண்டு எச்டிஆர் மோட் இருக்கின்றன. 1000-ஐப் போட்டால் பனிமலை, பாலைவனக் காட்சியெல்லாம் மங்கிப் போகிறது. 400-ல் அதே காட்சி பளிச்சென்று இருக்கிறது. பேனலில் கோளாறா? திருப்பிக் கொடுத்துவிடலாமா?
– வாசகர், மன்னார்குடி

திருப்பிக் கொடுக்க வேண்டாம். நிட்ஸ் என்பது திரை வெளிச்சத்தின் அளவு. எச்டிஆர் என்பது இருட்டுக்கும் வெளிச்சத்துக்கும் உள்ள வித்தியாசத்தைக் கூடுதலாகக் காட்டும் படமுறை. உங்கள் மானிட்டர் சரியாகத்தான் வேலை செய்கிறது. பெட்டியில் போட்ட எண்தான் பாதியைச் சொல்லிவிட்டு மீதியை விழுங்கிவிட்டது.

கியூடி-ஓஎல்இடி என்பது ஓஎல்இடியில் ஒரு வகை. ஓஎல்இடியில் பின்விளக்கு கிடையாது. ஒவ்வொரு பிக்சலும் தானே எரிகிறது. எத்தனை பிக்சல் எரிகிறதோ அவ்வளவு மின்சாரம், அவ்வளவு சூடு. பேனல் தாங்கும் அளவுக்கு ஓர் உச்சவரம்பு உண்டு. அதைத் தாண்டாமல் வெளிச்சத்தைத் தானாகக் குறைக்கும் ஏற்பாட்டுக்குத்தான் ஏபிஎல் என்று பெயர். 2022 முதல் 2024 வரை வந்த கியூடி-ஓஎல்இடி கேமிங் மானிட்டர்களை எடுத்துக்கொண்டால், திரையில் 2 முதல் 3 சதவீத இடம் மட்டும் வெள்ளையாக இருக்கும்போது ஏறக்குறைய 1000 நிட்ஸ் கிடைக்கும். 10 சதவீத இடம் வெள்ளையானால் 450 பக்கம் இறங்கும். முழுத்திரையும் வெள்ளை என்றால் 250 பக்கம்தான்.

சதவீதம் சொன்னால் கண்ணில் படாது. 27 அங்குலத் திரை ஏறக்குறைய 60 சென்டிமீட்டர் அகலம், 34 சென்டிமீட்டர் உயரம். அதில் 2 சதவீதம் என்பது 40 சதுர சென்டிமீட்டர், ஒரு வெற்றிலையை ஒட்டவைத்த மாதிரி. 10 சதவீதம் என்பது 16 சென்டிமீட்டர் விட்டமுள்ள சின்னத் தாம்பூலத் தட்டு. ஆயிரம் நிட்ஸ் என்ற வாக்குறுதி வெற்றிலைக்குத்தான். தட்டு அளவுக்கு வந்தாலே பாதிக்கும் கீழே போய்விடும்.

டெல்டாக்காரர்களுக்கு இதை விளக்குவது சுலபம். அளவாகத் திறந்த தண்ணீரை ஒரே வாய்க்காலுக்கு விட்டால் கரை தொட்டு ஓடும். எல்லா வாய்க்காலையும் ஒரே நேரத்தில் திறந்தால் எதிலும் முழங்கால் அளவுகூட நிற்காது. ஒரு வித்தியாசம் உண்டு: மானிட்டரில் தலைமடை, கடைமடை பேதமில்லை. தண்ணீர் போதாவிட்டால் எல்லா வயலுக்கும் ஒரே விகிதத்தில் வெட்டு. உங்கள் கேள்விக்கான பதில் இந்த ‘ஒரே விகிதத்தில்’தான் இருக்கிறது.

ஒரு காட்சியை வைத்துப் பார்ப்போம். தாம்பூலத் தட்டு அளவுக்கு வானம், அது 1000 நிட்ஸ் கேட்கிறது. கீழே நிழலில் ஒரு சுவர், அது 100 நிட்ஸ் கேட்கிறது. கணக்கை எளிமையாக்கிச் சொன்னால், பீக் 1000 மோட் ‘1000 வரை தருகிறேன்’ என்று ஒப்புக்கொண்டு உள்ளே போகிறது. வானம் தட்டு அளவுக்கு இருப்பதால் 450-தான் தர முடிகிறது. உடனே மொத்தப் படத்தையும் 0.45 பங்காகச் சுருக்குகிறது. வானம் 450, சுவர் 45. ட்ரூ பிளாக் 400 மோட், பெயரில் 400 என்று இருந்தாலும், ஆரம்பத்திலேயே ‘என்னால் 450 வரைதான்’ என்று சொல்லிவிடுகிறது. வானம் 450-ல் வெட்டுப்படுகிறது. சுவர் கேட்ட 100 அப்படியே கிடைக்கிறது. இரண்டிலும் வானம் ஒன்றுதான், சுவர்தான் பாதியாகிவிட்டது. கண் ஒரு காட்சியின் வெளிச்சத்தை எடைபோடுவது சுவர், முகம், மண் போன்ற நடுத்தர வெளிச்சங்களை வைத்து. அதனால்தான் ‘மங்கிப் போச்சு’ என்று தோன்றுகிறது.

நம்பாவிட்டால் வீட்டிலேயே பாருங்கள். பீக் 1000 மோடில் எச்டிஆரை ஆன் செய்து, டெஸ்க்டாப் பின்னணியைக் கறுப்பாக்குங்கள். விண்டோஸின் எஸ்டிஆர் (எச்டிஆர் அல்லாத சாதாரணப் படம்) பிரைட்னஸ் ஸ்லைடரை 100-ல் வையுங்கள். வெள்ளை நோட்பேடைச் சின்னதாகத் திறந்து, மூலையைப் பிடித்து மெதுவாகப் பெரிதாக்குங்கள். பாதித் திரை வருவதற்குள் வெள்ளை இறங்குவது கண்ணுக்கே தெரியும். பார்த்து முடித்ததும் ஸ்லைடரைப் பழைய இடத்துக்குக் கொண்டுவந்துவிடுங்கள்.

ட்ரூ பிளாக் 400-லும் முழு வெள்ளைத் திரை 250 பக்கம்தான். அதிலும் ஏபிஎல் உண்டு. ஆனால் இறங்க வேண்டிய தூரம் குறைவு, அதனால் உறுத்தாது.

சரி, எந்த கேமுக்கு எந்த மோட்? விண்டோஸில் என்னென்ன செய்ய வேண்டும் என்று வரிசையாகச் சொல்லுங்கள். ஒவ்வொரு யூடியூப் வீடியோவும் ஒவ்வொன்று சொல்கிறது.
– கல்லூரி மாணவர், கும்பகோணம்

இரவில், விளக்கணைத்த அறையில், குகை, பேய்வீடு, விண்வெளி, மழையிரவு நகரம் போன்ற இருட்டு கேம்களுக்கு பீக் 1000. தீப்பந்தம், நியான் பலகை, துப்பாக்கி முனைத் தீப்பொறி எல்லாம் வெற்றிலை அளவுக்குள் அடங்கும் சமாச்சாரங்கள், அங்கேதான் 1000 நிட்ஸ் தன் வேலையைக் காட்டும். பகல்வெளி, பனி, கார் ரேஸ், கிரிக்கெட், கால்பந்து எல்லாவற்றுக்கும் ட்ரூ பிளாக் 400. ஒன்றைப் போட்டுவிட்டு மறந்துவிட வேண்டும் என்றால் 400-ஐப் போடுங்கள். எங்கள் கட்சி அதுதான்.

இனி வரிசை. முதலில் மானிட்டர் மெனுவில் மோடைத் தேர்ந்தெடுங்கள், மற்றதெல்லாம் அதற்குப் பிறகுதான். கம்பெனிக்குக் கம்பெனி பெயர் மாறும்: கேமிங் எச்டிஆர், சினிமா எச்டிஆர், கன்சோல் எச்டிஆர் என்றெல்லாம் இருக்கும். பெயரில் ‘ட்ரூ பிளாக் 400’ இருந்தால் அது 400 வகை. மற்றவை பெரும்பாலும் 1000 வகை.

அடுத்து விண்டோஸ் 11-ல் செட்டிங்ஸ், சிஸ்டம், டிஸ்ப்ளே, எச்டிஆர் என்று போய் ஆன் செய்யுங்கள். விண்டோஸ், ஆல்ட், பி மூன்றையும் சேர்த்து அழுத்தினாலும் ஆன் ஆகும், ஆஃப் ஆகும்.

பிறகு மைக்ரோசாஃப்ட் ஸ்டோரில் ‘விண்டோஸ் எச்டிஆர் கேலிபரேஷன்’ என்ற இலவச ஆப். இது விண்டோஸ் 11-க்கு மட்டும். முழுத்திரையில் ஓட்டுங்கள். மூன்று சோதனைப் படங்கள் வரும்: முதலாவது இருட்டின் அடி, இரண்டாவது உச்ச வெளிச்சம், மூன்றாவது முழுத்திரை வெளிச்சம். ஒவ்வொன்றிலும் உள்ளே தெரியும் கட்டம் மறையும் இடத்தில் ஸ்லைடரை நிறுத்துங்கள். ஓஎல்இடியில் முதலாவது 0-விலோ அதை ஒட்டியோ நிற்கும். இரண்டாவது ட்ரூ பிளாக் 400-ல் 400-க்கும் 500-க்கும் நடுவிலும், பீக் 1000-ல் 1000-ஐ ஒட்டியும் மறைய வேண்டும். 400 மோடில் இருந்துகொண்டு 1000 தாண்டியும் கட்டம் மறையவில்லை என்றால், மானிட்டர் தன் பங்குக்கு டோன் மேப்பிங் செய்கிறது, அதாவது தாங்காத வெளிச்சத்தைத் தன் வரம்புக்குள் அமுக்கிக் காட்டுகிறது என்று பொருள். மெனுவில் அப்படி ஒரு ஆப்ஷன் இருந்தால் அணைத்துவிட்டு மறுபடி ஓட்டுங்கள். கடைசியில் வரும் நிற அடர்த்தி ஸ்லைடரைத் தொடாதீர்கள்.

பலரும் சறுக்குவது அடுத்த இடத்தில். இந்த ஆப் சேமிக்கும் புரொஃபைல் அந்த ஒரு மோடுக்கு உரியது. நாளைக்கு மானிட்டர் மெனுவில் 400-லிருந்து 1000-க்கு மாற்றினாலும் விண்டோஸ் பழைய புரொஃபைலையே பிடித்துக்கொண்டிருக்கும். 1000 தரக்கூடிய மானிட்டருக்கு 450 அனுப்பிக்கொண்டிருக்கும், அல்லது 450 வரை மட்டுமே காட்டும் மோடுக்கு 1000 அனுப்பி மேகத்தை வெள்ளைத் திட்டாக்கும். இரண்டு மோடுக்கும் தனித்தனியாகக் கேலிபரேஷன் ஓட்டி, ‘400’, ‘1000’ என்று பெயர் வைத்துச் சேமியுங்கள். மோட் மாற்றும்போது டிஸ்ப்ளே செட்டிங்ஸில் கலர் புரொஃபைலையும் மாற்றுங்கள்.

கடைசியாக கேமுக்குள். பீக் பிரைட்னஸ் என்ற இடத்தில் மோடுக்கு ஏற்ப 450 அல்லது 1000. பேப்பர் ஒயிட் (சாதாரண வெள்ளையின் வெளிச்சம்) என்று இருந்தால் 200. ஒளிபரப்புத் துறையில் எச்டிஆர் வெள்ளைக்கான அடிப்படை அளவு 203 நிட்ஸ், அதை ஒட்டி நின்றால் முகமும் சுவரும் இயல்பாக இருக்கும். பகலில் ஜன்னல் திறந்திருந்தால் 250 வரை போகலாம். அதற்கு மேல் ஏற்றினால் ஏபிஎல்லை நீங்களே கூப்பிட்டு உட்காரவைத்த மாதிரி.

பீக் 1000-ன் நடுத்தர மங்கலைச் சரிக்கட்ட, சில நிறுவனங்கள் பின்னால் வந்த ஃபர்ம்வேர் அப்டேட்டில் புது மோடோ பூஸ்ட் ஆப்ஷனோ சேர்த்திருக்கின்றன. உங்கள் மாடலுக்கு வந்திருக்கிறதா என்று நிறுவனத்தின் சப்போர்ட் பக்கத்தில் பாருங்கள். அப்டேட் ஓடும்போது மட்டும் கரண்ட் போய்விடக் கூடாது. யுபிஎஸ் இல்லாமல் அதைத் தொடாதீர்கள்.

எச்டிஆரை ஆன் செய்ததும் டெஸ்க்டாப், வேர்டு, பிரவுசர் எல்லாம் வெளிறிப்போன மாதிரி இருக்கிறது. கேமில் மட்டும் நன்றாக இருக்கிறது. ஏன்?
– வாசகர், திருவையாறு

டெஸ்க்டாப் இன்னும் எஸ்டிஆர்தான். எச்டிஆர் ஆன் ஆனதும், அதை எத்தனை நிட்ஸில் காட்டுவது என்பதை மானிட்டரின் பிரைட்னஸ் பட்டன் முடிவு செய்வதில்லை. பல மாடல்களில் அந்தப் பட்டன் பூட்டப்பட்டே இருக்கும். விண்டோஸ்தான் முடிவு செய்கிறது. எச்டிஆர் பக்கத்தில் ‘எஸ்டிஆர் கன்டென்ட் பிரைட்னஸ்’ என்று ஒரு ஸ்லைடர் உண்டு. கணக்கு நேரானது: 0-வில் 80 நிட்ஸ், ஒவ்வொரு புள்ளிக்கும் 4 நிட்ஸ் கூடும், 100-ல் 480. இரவு அறைக்கு 10 வைத்தால் 120 நிட்ஸ். பகலுக்கு 30 வைத்தால் 200.

அதன் பிறகும் இருட்டுப் பகுதிகள் சாம்பல் பூசியதுபோல இருந்தால் அது உங்கள் பிழையல்ல. எச்டிஆரில் எஸ்டிஆரைக் காட்டும்போது விண்டோஸ் எஸ்ஆர்ஜிபி வளைவை, அதாவது இருட்டிலிருந்து வெளிச்சத்துக்கு ஏறும் ஒரு கணக்கைப் பயன்படுத்துகிறது. பெரும்பாலான மானிட்டர்களும் கேம்களும் பழகியது 2.2 காமா என்ற வேறொரு வளைவு. இருட்டின் அடியில் இரண்டும் பிரிகின்றன, எஸ்ஆர்ஜிபி கொஞ்சம் தூக்கிக் காட்டும். எளிய வழி: படிக்கும்போதும் எழுதும்போதும் எச்டிஆரை அணைத்துவையுங்கள். மூன்று விசை, ஒரு நொடி.

கடைக்காரர் ‘டிஸ்ப்ளே எச்டிஆர் 400’ போட்ட எல்சிடி மானிட்டரைக் காட்டி, ஓஎல்இடியும் 400-தானே, எதற்குக் கூடக் காசு என்கிறார்.
– வாசகர், பாபநாசம்

எண் ஒன்று, பரீட்சை வேறு. இரண்டுமே திரைகளுக்குத் தரம் வகுக்கும் வெசா (VESA) அமைப்பின் சான்றிதழ்தான். சாதாரண டிஸ்ப்ளே எச்டிஆர் 400-ல் கறுப்பு 0.4 நிட்ஸ் வரை இருந்தாலும் தேர்ச்சி என்பதுதான் பழைய விதி, லோக்கல் டிம்மிங்கும் (பின்விளக்கைப் பகுதி பகுதியாக மங்கவைப்பது) கட்டாயமில்லை. 2019-ல் ஓஎல்இடி போன்ற பேனல்களுக்காக வந்த ட்ரூ பிளாக் 400-ல் கறுப்பு 0.0005 நிட்ஸைத் தாண்டக் கூடாது. ஊர் அடங்கிய பிறகு வயல் நடுவே எரியும் ஒற்றை மோட்டார் ரூம் பல்பு எவ்வளவு தூரம் தெரிகிறது? அதே பல்பு பகலில்? அதுதான் அந்த 400-க்கும் இந்த 400-க்கும் உள்ள வித்தியாசம்.

கடைக்காரரிடம் ஒன்று கேளுங்கள்: லோக்கல் டிம்மிங் எத்தனை மண்டலம்? பதில் வராவிட்டால் அந்த எல்சிடியில் எச்டிஆர் என்பது பெட்டியின் மேல் இருக்கும் ஸ்டிக்கர் மட்டும்.

எங்கள் ஹாலில் முற்றத்து வெளிச்சம் நேராக விழும். பகலில் மானிட்டரின் கறுப்பு லேசான ஊதா கலந்த சாம்பலாகத் தெரிகிறது. இரவில் மை மாதிரி இருக்கிறது.
– வாசகர், மயிலாடுதுறை

உங்களுடையது கியூடி-ஓஎல்இடியாக இருக்க வேண்டும். அந்தப் பேனலில், மற்ற ஓஎல்இடிகளில் உள்ள, வெளி வெளிச்சம் திரும்பி வருவதைத் தடுக்கும் போலரைசர் படலம் இல்லை. வெளியிலிருந்து விழும் வெளிச்சத்தின் ஒரு பங்கை பேனல் திருப்பி அனுப்புகிறது. அதுதான் ஊதா. எந்த எச்டிஆர் மோடும் இதைத் தீர்க்காது. மானிட்டரை 90 டிகிரி திருப்பி, முற்றம் பக்கவாட்டில் வரும்படி வையுங்கள். திரைக்கு எதிரே ஜன்னலோ முற்றமோ வேண்டாம். மூங்கில் தட்டி ஒன்று கட்டினால் பாதிப் பிரச்சினை தீரும். இடத்தை மாற்றவே முடியாது, பகலில்தான் விளையாட்டு என்றால், அடுத்த முறை அந்தப் படலம் உள்ள டபிள்யூ-ஓஎல்இடி வகையை வாங்குங்கள். வெளிச்ச அறையில் அதன் கறுப்பு நன்றாகத் தாங்கும்.

பிஎஸ்5 இணைத்திருக்கிறேன். அதில் எங்கே சரிசெய்வது?
– வாசகர், திருவாரூர்

முதலில் மானிட்டரில் மோட். பிறகு பிஎஸ்5-ல் செட்டிங்ஸ், ஸ்கிரீன் அண்ட் வீடியோ, வீடியோ அவுட்புட், அட்ஜஸ்ட் எச்டிஆர். மூன்று திரைகள் வரும். முதல் இரண்டிலும் சூரியச் சின்னம் மறைந்தும் மறையாமலும் இருக்கும் இடத்தில் நிறுத்துங்கள். மூன்றாவது கறுப்புக்கானது, ஓஎல்இடிக்கு அதை அடிமட்டத்துக்கு இறக்கிவிடலாம். கேமிலேயே எச்டிஆர் ஸ்லைடர் இருந்தால் அதையும் பாருங்கள், எல்லா கேமும் கன்சோலின் பேச்சைக் கேட்பதில்லை. மானிட்டரின் மோடை மாற்றினால் மூன்று திரைகளையும் மறுபடி ஓட்ட வேண்டும்.

4கே 240 ஹெர்ட்ஸ் மானிட்டர். எச்டிஆருக்கு 10 பிட் வேண்டும் என்கிறார்கள். 240-ல் 8 பிட்தான் காட்டுகிறது.
– வாசகர், தஞ்சாவூர்

4கே, 240 ஹெர்ட்ஸ், 10 பிட் நிறம் மூன்றையும் சுருக்காமல் அனுப்ப நொடிக்கு 60 ஜிகாபிட் பக்கம் வேண்டும். டிஸ்ப்ளே போர்ட் 1.4 சுமப்பது 25.92. அதனால் டிஎஸ்சி என்ற சுருக்கம் ஓடியே ஆக வேண்டும். மானிட்டர் மெனுவில் டிஎஸ்சி அணைந்திருக்கிறதா, பெட்டியில் வந்த கேபிளை விட்டுப் பழைய கேபிளைச் செருகியிருக்கிறீர்களா என்று பாருங்கள். டிஎஸ்சியால் படம் கெடுமோ என்ற பயம் வேண்டாம், விளையாடும் கண்ணுக்கு வித்தியாசம் தெரியாது.

எங்கள் பக்கம் இடி மின்னல் என்றால் போர்டிலேயே எல்லா சுவிட்சையும் அணைத்துவிடுவோம். ஓஎல்இடிக்கு அப்படிச் செய்யக் கூடாது என்கிறார்களே? உப்புக் காத்துக்கு என்ன செய்வது? பீக் 1000-ல் ஆடினால் சீக்கிரம் பர்ன்-இன் வருமா?
– வாசகர், நாகப்பட்டினம்

சுவிட்ச் விஷயம் உண்மை. ஏறக்குறைய நான்கு மணி நேரம் ஓடியபின், மானிட்டர் ஸ்டாண்ட்பைக்குப் போகும்போது பிக்சல்களின் தேய்மானத்தை அளந்து சமன்செய்யும். ஐந்து முதல் பத்து நிமிட வேலை. பல மாடல்களில் பவர் விளக்கு மினுங்கிக்கொண்டிருக்கும். விளையாடி முடித்த கையோடு போர்டில் அணைத்தால் அந்த வேலை நடக்காமலே போகிறது. ஒருநாள் போனால் பாதகமில்லை, பொதுவாக அடுத்த முறை செய்துகொள்ளும். மாதக்கணக்கில் தினமும் தவறினால்தான் டாஸ்க்பார், ஸ்கோர் பட்டை எல்லாம் நிழலாகத் தங்கும், அதுதான் பர்ன்-இன். கம்ப்யூட்டரை ஷட் டவுன் செய்யுங்கள், பதினைந்து நிமிடம் விடுங்கள், பிறகு போர்டை அணையுங்கள். ஐப்பசி, கார்த்திகையில் இடி தலைக்கு மேல் வந்துவிட்டதென்றால் யோசிக்காமல் பிளக்கையே பிடுங்குங்கள். பிக்சல் சமன்செய்வதை நாளைக்குச் செய்துகொள்ளலாம், எரிந்துபோன பவர் போர்டை அப்படிச் செய்ய முடியாது. சாதாரண கரண்ட் கட்டுக்கு மானிட்டருக்கு மட்டும் 600 விஏ யுபிஎஸ் போதும்.

உப்புக் காற்று திரையில் மெல்லிய படலமாக ஒட்டும். காய்ந்த துணியால் அழுத்தித் துடைத்தால் அந்தத் துகளே மேல்பூச்சைக் கீறும், கியூடி-ஓஎல்இடியின் மேல்பூச்சு கொஞ்சம் மென்மை. முதலில் காற்றுப் பந்தால் ஊதுங்கள். மைக்ரோஃபைபர் துணியை டிஸ்டில்டு வாட்டரில் லேசாக நனைத்து, அழுத்தாமல் ஒரே திசையில் துடையுங்கள். இன்வெர்ட்டருக்கு வாங்கிவைத்த அதே தண்ணீர் போதும். திரையில் நேராகத் தெளிக்கக் கூடாது. கண்ணாடி துடைக்கும் நீல திரவம், ஸ்பிரிட் இரண்டும் வேண்டாம்.

பர்ன்-இன் பயத்தைப் பொறுத்தவரை, மோடைவிட நிற்கும் படம்தான் எதிரி. பீக் 1000-ல் பளிச்சிடும் தீப்பொறி ஒரே இடத்தில் நிற்பதில்லை. ஒரே கேமின் மேப்பும் உயிர்ப் பட்டையும் தினம் ஆறு மணி நேரம் அதே மூலையில் நின்றால் 400 மோடும் காப்பாற்றாது. கேமில் அந்தப் பட்டைகளின் வெளிச்சத்தைத் தனியாகக் குறைக்க வசதி இருந்தால் குறையுங்கள். டாஸ்க்பாரைத் தானாக மறையும்படி வையுங்கள். ஸ்கிரீன் ஐந்து நிமிடத்தில் அணையட்டும். சூட்டையும் மறந்துவிடாதீர்கள்: பெரும்பாலான மானிட்டர்களின் கையேட்டில் 40 டிகிரிதான் எல்லை. கத்திரி வெயிலில் ஓட்டு வீட்டு மாடியறை மதியம் அதைத் தொட்டுவிடும். அந்த இரண்டு மணி நேரம் மானிட்டரும் தூங்கட்டும்.